வாடிக்கு வந்த ஆலாக்கள்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

உங்களுடைய பயிற்சிக் கையேட்டை வாங்கி வாசித்தேன். பறவைகளைப் பற்றி எல்லாம் எழுதியிருக்கிறார்கள். சொண்டு என்ன நிறம், கால் எவ்வளவு நீளம், பறக்கும்போது வால் எப்படி விரியும், எல்லாம் இருக்கிறது. கடைசியில் 'சமூகப் பங்கேற்பு' என்று ஒரு பக்கம். ஊர் மக்களைக் கூட்டுங்கள், விளக்கிச் சொல்லுங்கள், ஒத்துழைப்பைப் பெறுங்கள் என்று மூன்று வரியில் அலுவலை முடித்துவிட்டார்கள். எழுதிய புண்ணியவான் ஒருநாளாவது கற்பிட்டி பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு கடற்கரைக் கூட்டத்தில் வாய் திறந்திருந்தால் அந்தப் பக்கம் ஒரு புத்தகமாக வளர்ந்திருக்கும்.

அந்தப் புத்தகத்தை எழுத என்னால் முடியாது. எனக்கு ஒரே ஒரு மணல் திட்டின் கதைதான் தெரியும். பென்சன் எடுத்து வீட்டில் இருக்கும்போது திரும்பத் திரும்ப மனதில் வருவதும் அதுதான். சொல்கிறேன், கேளுங்கள். கொட்டாவி வந்தால் வாயை மூடிக்கொண்டு விடுங்கள்.

நான் முன்னேஸ்வரத்துக்காரி. கோயில் மணிச் சத்தத்துக்கு எழும்பிப் பழகியவள். யுத்தம் முடிந்த பிறகு நம்முடைய சங்கம் புத்தளக் கரையோரத்தில் பறவைக் கல்வி என்று ஒரு வேலையைத் தொடங்கியபோது என்னை எடுத்தார்கள். கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாத என்னை ஏன் எடுத்தார்கள் என்றால், எனக்குத் தமிழும் தெரியும், சிங்களமும் தெரியும், வாயும் இருந்தது. பள்ளிக்கூடங்களுக்குப் போவது, மாதர் சங்கங்களுக்குப் போவது, மீனவர் சங்கங்களோடு கதைப்பது, இதுதான் என் வேலை.

எனக்கு மேலே ஓர் இணைப்பாளர் இருந்தார். பெயரைச் சொன்னால் கோபிப்பார், விடுவோம். காலிப் பக்கத்துச் சிங்களவர். இருட்டுக் குசினியில் உப்புப் போத்தலைத் தேடுவதுபோலத் தமிழைத் தடவித் தடவிப் பேசுவார். முதல்நாள் என்னைத் தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டு அவர் தந்த பயிற்சி இவ்வளவுதான். "நங்கி, ஊர் ஆக்கள் மிச்சம் கெதியா ஓம் சொன்னா பயப்படு. எழும்பி வராத. இன்னொரு ப்ளேன்டீ கேளு." மனிதருக்குத் தேத்தண்ணீரில் இத்தனை ஆசையா என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

இனி ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். பருவத்துக்குப் பருவம் வந்து போகும் பறவைகளைக் கொழும்பில் இருந்தவர்கள் 'இடம்பெயர் பறவைகள்' என்று எழுதினார்கள். அகராதியைப் பார்த்தால் அதில் பிழை இல்லை. ஆனால் புத்தளத்தில் அந்தச் சொல்லுக்கு அகராதி பார்க்கத் தேவையில்லை. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து உடுத்த துணியோடு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சனங்கள் வந்து சேர்ந்த ஊர் அது. அங்கே இடம்பெயர்ந்தோர் என்றால் முகாம், ஓலைக் கொட்டில், நிவாரண அரிசி, தண்ணீர் வரிசை. ஒரு தடவை தில்லையடியில் ஒரு வகுப்பில் பூநாரைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொழும்பில் தந்த சொல்லைத்தான் சொன்னேன். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "மிஸ், அந்தப் பூநாரையெல்லாம் எந்த முகாம்ல இரிக்கிற?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்து உருண்டது. அவர்களுடைய டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கே கொழும்புக்குப் போன் பண்ணி, இந்தச் சொல் இந்தப் பக்கத்துக்குச் சரிவராது என்று சொன்னேன். அறிவிப்புப் பலகையெல்லாம் எழுதிக் காய்ந்துவிட்டதே என்றார்கள்.

இந்தப் பலகைகளில் ஒன்று கற்பிட்டிப் பக்கத்து மீன்பிடி ஊரான கண்டக்குழிக்கு வந்தது.

கண்டக்குழிக் கரையில், படகுகளை இழுத்து ஏற்றி வைக்கும் இடத்துக்கு அப்பால், ஒரு மணல் திட்டு கடலுக்குள் நீண்டு கிடக்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று எழும்பும் காலத்தில் அந்தத் திட்டுக்குச் சின்ன ஆலாக்கள் வரும். ஆலாவைத் தெரியாதவர்கள் உங்களில் இருக்கமாட்டீர்கள். வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, கடலுக்கு மேலே நின்ற நிலையில் சிறகடித்துவிட்டுத் தலைகீழாக விழுந்து மீன் எடுக்கும். ஆனால் அது கூடு கட்டாது என்பதை ஊருக்குச் சொல்லும்போது அழுத்திச் சொல்லுங்கள். மணலில் கையளவு குழி, அதில் மணல் நிறத்திலேயே முட்டை. மிதித்த பிறகுதான் முட்டை என்று தெரியும். இன்னொன்றும் இருக்கிறது. பகலில் தாய்ப்பறவை முட்டைக்கு மேலே குந்தியிருப்பது வெயிலுக்கு நிழல் கொடுக்கத்தான். ஆள் நடமாட்டத்துக்குப் பயந்து அது எழும்பிப் பறந்துகொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் முட்டை வெந்துவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்கு வேண்டும்.

திட்டின் அடிப்பக்கத்தில்தான் பௌசியா ராத்தா கருவாடு காயப்போடுவார். அவருக்குச் சொந்த ஊர் சிலாவத்துறைப் பக்கம், மன்னார்க் கரை. புதுப்பெண்ணாக இருந்த காலத்தில் வெளியேறி, தில்லையடி முகாமில் சில வருடம் இருந்து, பிறகு புருஷனுடைய தொழிலோடு கண்டக்குழிக்கு வந்தவர். புருஷன் மௌத்தாகிவிட்டார். வீட்டில் கலியாணம் ஆகாத இரண்டு குமர்ப் பிள்ளைகள். கருவாட்டைத் தவிர வேறு வருமானம் கிடையாது. கரையில் நல்ல இடமெல்லாம் ஊர்க்காரருக்கு உரியவை. யாருக்கும் வேண்டாம் என்று கிடந்த மூலைதான் அவருக்குக் கிடைத்தது. ஊரில் அவரை 'வந்தவ' என்பார்கள். வைது சொல்வதில்லை, பட்டப்பெயர்போலத்தான். "வந்தவட கருவாடு நல்லம்" என்று சொல்லி வாங்கிப் போவார்கள். அவருக்கு முன்னாலேயே சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டு நிறுத்துக் கொடுப்பார்.

திட்டைச் சுற்றிக் கயிறு கட்டிப் பலகை நட்ட அன்று நான் உடப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நம்முடைய ஆட்கள் போய் நட்டார்கள். எல்லை காட்டியவர் மீனவர் சங்கத் தலைவர் ஜவ்பர் நானா. அவர் காட்டிய எல்லையில் ஆலாக்களின் மணலும் வந்தது, பௌசியா ராத்தாவின் கருவாட்டு இடமும் வந்தது. அதற்குப் பக்கத்திலிருந்த தலைவரின் படகு இடம் மட்டும் எப்படியோ வெளியே நின்றுகொண்டது.

இரண்டொரு நாளில் தலைவரிடமிருந்து போன். "மிஸ், ஒங்கட பலகைய வந்தவ புடுங்கிட்டா. கெதியா வாங்க."

பஸ் பிடித்து, ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. நான் கண்ட காட்சியை என்னவென்று சொல்ல! இரண்டு தகரப் பீப்பாய்களுக்கு மேலே நம்முடைய பலகை படுத்துக் கிடந்தது. அதன்மேல் உப்புப் போட்ட சாளை மீன் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. 'இடம்பெயர் பறவைகளுக்காக ஒதுக்கப்பட்ட இடம், உட்செல்லத் தடை' என்பதுதான் பலகையில் இருந்த வாசகம். மீனுக்கு இடையில் 'இடம்பெயர்' என்பதும் 'ஒதுக்கப்பட்ட இடம்' என்பதும் மட்டும் தெரிந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் உப்புக் கையோடு நின்ற பௌசியா ராத்தாவின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. அழுது முடித்த முகம்.

"வாசிச்சிப் பாருங்க மிஸ்," என்றார். "எடம்பெயர்ந்த பறவைக்கி எடம் ஒதுக்கியிரிக்காம். நானும் எடம்பெயர்ந்ததுதான். தலமயிரும் நரச்சிப் போச்சி. எனக்கி எந்தப் பலகையில எழுதி வெச்சிரிக்கீங்க?"

அதற்குள் ஜவ்பர் நானா சங்கத்து ஆட்களோடு முன்னுக்கு வந்தார். கரையில் பாதி ஊர் நின்றது. தலைவர் நல்ல சுத்தமான சாரமும் தொப்பியுமாக, கூட்டத்துக்கு வந்தவர்போல நின்றார்.

"மிஸ், நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. பறவையப் பாதுகாக்கிறதுக்கு எங்கட சங்கம் ஒங்களோட. ஊரும் ஒங்களோட. இண்டைக்கே வந்தவட சாமான எடுத்துப் போட்டுர்றம். பலகையக் கழுவி நாங்களே நட்டுத் தாறம். ஒரு போட்டோவும் எடுப்பம்."

எல்லாரும் ஓம், ஓம் என்றார்கள். காதில் தேன் ஊற்றியதுபோல இருந்தது. உங்களுக்கு இது இன்னும் நடக்கவில்லை, நடக்கும். ஒரு கூட்டத்துக்கு ஆள் சேர்க்க வீடு வீடாகத் திரிந்து, கச்சான் கொட்டையும் விசுக்கோத்தும் வாங்கி வைத்துக் காத்திருந்து, கடைசியில் நாலு பேருக்குப் பாடம் நடத்திவிட்டு வருகிறவர்கள் நாம். நம்மைத் தேடி ஒரு முழு ஊர் வந்து, பறவையை நாங்கள் காப்பாற்றுகிறோம் என்று சொன்னால் கண் கலங்கத்தான் செய்யும். கையேட்டில் கேட்ட சமூகப் பங்கேற்பு முழுசாகக் கிடைத்துவிட்டது. ஊரோடு ஒத்து வாழ் என்றுதான் நமக்கும் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

மேலே பார்த்தேன். ஆலாக் கூட்டம் முழுவதும் ஆகாயத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது. கீழே மணல் கொதித்தது. நாங்கள் சண்டை பிடித்துக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைகள் வேகின்றன. பறவையைக் காப்பாற்ற வந்த ஊர் பறவையை எழுப்பிவிட்டு நிற்கிறது. ராத்தாவின் சாமானைத் தூக்கத் தொடங்கினால் இழுபறி, கூச்சல், இன்னும் ஒரு மணித்தியாலம் போகும். வேண்டாம் என்று நான் தடுத்து வாதாடத் தொடங்கினாலும் அதே அளவு நேரம் போகும். யார் சரி என்று அந்த மணலில் நின்று தீர்க்க முடியாது.

அப்போதுதான் இணைப்பாளரின் குரல் காதில் கேட்டது. ஊர் மிச்சம் கெதியாக ஓம் சொல்லிவிட்டது. ஒரு தேத்தண்ணீர்கூட இன்னும் வரவில்லை.

"ராத்தா," என்றேன், "பஸ்ஸில வந்தது தொண்டை வறண்டு போச்சு. வீட்டில ஒரு ப்ளேன்டீ ஊத்துங்க. எல்லாருக்கும்."

அவர் என்னை முறைத்தார். "என்ட சாமான எடுக்க வந்த ஆக்களுக்கு நான் தேத்தண்ணி ஊத்தவா?"

"ஓம் ராத்தா. சீனி காணாட்டி சொல்லுங்க, நான் கடையில வாங்கித் தாறன்."

"சீனி இரிக்கி!" என்றார் சுறுக்கென்று. "ஒங்கட சீனி எனக்கு வாணாம். வாங்க."

கேட்டு வந்தவருக்குத் தேத்தண்ணீர் இல்லை என்று சொல்ல அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது. ஊற்றிக் கொடுத்த வீட்டுச் சாமானை, அந்தக் கோப்பையைக் கீழே வைத்த கையோடு தூக்கி எறிய எந்த ஆணுக்கும் மனம் வராது. இதெல்லாம் கையேட்டில் இல்லை. கூட்டம் முழுவதும் திட்டைவிட்டு அவருடைய முற்றத்துக்கு நடந்தது. திரும்பிப் பார்த்தேன். ஆலாக்கள் ஒவ்வொன்றாக மணலுக்கு இறங்கிக்கொண்டிருந்தன. எனக்கு மூச்சு வந்தது.

அந்த வீட்டில் இருந்தது ஒரு கதிரை. அதைத் தலைவருக்குப் போட்டார்கள். மற்றவர்கள் தென்னங்குற்றியிலும் கவிழ்த்த பெட்டியிலும் இருந்தார்கள். நான் வாசற்படியில் இருந்துகொண்டேன். ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிலையோடு சாய்ந்து நின்றார். பிள்ளைகள் இரண்டு பேரும் கோப்பைகளைக் கொண்டுவந்து தந்தார்கள். இஞ்சி போட்ட ப்ளேன்டீ, தொட்டுக்கொள்ளப் பனங்கட்டி.

"ராத்தா, அந்தப் பலகையில எழுத்துப் பிழை," என்றேன். "நான் முதலே சொன்னனான். கொழும்பில கேட்கயில்ல."

"பிழதான்," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அதுகள ஆரு வெரட்டின? ஆரு ஊட்ட உட்டு எழுப்பின? கச்சானுக்கு வருது, குஞ்சு பொரிக்கிது, காத்து மாறப் போகுது. அதுகள் எடம்பெயர்ந்த சாதி இல்ல மிஸ். அதுகள் வாடிக்கி வந்ததுகள்."

ஜவ்பர் நானா பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். "அது மெய்தான். வாடிதான் அது."

வாடி என்றால் என்ன என்று உள்ளூரில் வளராதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு கரையில் கடல் கொந்தளிக்கும் பருவத்தில் மீனவர்கள் குடும்பத்தோடு வேறு கரைக்குப் போவார்கள். அங்கே போடும் ஓலைக் கொட்டிலுக்கு வாடி என்று பெயர். பருவம் முடிந்ததும் ஓலையைக் கழற்றிக்கொண்டு நாலு கம்பை மட்டும் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்புவார்கள். கண்டக்குழியிலிருந்தும் அந்தக் காலத்தில் மன்னார்க் கரைக்கு வாடிக்குப் போனார்கள். யுத்தம் முடிந்த பிறகு திரும்பவும் போகத் தொடங்கியிருந்தார்கள்.

தலைவர் வாடிதான் என்று சொன்ன மறுநொடி, கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். நான் செய்த ஒரே கெட்டித்தனம் அதுதான், அந்தச் சொல்லைத் தரையில் விழ விடவில்லை.

"நானா, எனக்குத் தெரியாது, கேட்கிறன். வாடி போட்ட இடத்தில இன்னொருத்தர் கை வைக்கலாமா?"

"அதெப்புடி மிஸ்? கம்பு நிக்கிறவரைக்கும் அது அவன்ட எடம். தொட்டவனுக்கு அந்தக் கரையில தண்ணி கெடையாது."

"அப்ப அந்தத் திட்டு, கச்சான் முடியும்வரைக்கும் ஆலாட இடம்."

"ஓம். சந்தேகமே இல்ல." அவருக்கு மகிழ்ச்சி. தன் பக்கம் கதை போகிறது என்று நினைத்தார்.

"வாடிக்கு ஆக்கள் வந்தா, கரையில ஏற்கனவே தொழில் செய்றவங்கள எழுப்பிவிடுறதா?"

பதில் நிலைப்பக்கத்திலிருந்து வந்தது.

"நான் சொல்றன் மிஸ். எங்கட கரைக்குக் கண்டக்குழியில இரிந்து வாடிக்கி வாறவங்க. கருவாடு காயப்போடுற எங்கட எடத்துலதான் அவங்களுக்கும் எடம் வேணும். எங்கட வாப்பா எழும்பியும் போகல்ல, அவங்களப் போகச் சொல்லவும் இல்ல. பாயச் சுருட்டி அங்கால ஒதுங்கினவரு. பக்கத்து ஊட்டுக்காரரும் ஒதுங்கினவரு. அப்புடி அப்புடி எல்லாரும் ஒரு முழம் ஒதுங்கினா எடம் வந்துரும்." முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தலைவரைப் பார்த்தார். "ஒங்கட வாப்பாவும் அங்க வந்தவருதானே நானா. எங்கட கெணத்துலதான் தண்ணி அள்ளினவரு."

ஜவ்பர் நானா தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். தலையைத் தடவினார்.

"சிலாவத்துறைக் கெணத்துத் தண்ணி," என்றார் மெதுவாக. "வாப்பா கடைசி வருத்தத்துல கெடக்கக்குள்ளயும் அதத்தான் கேட்டவரு. இஞ்சத்த தண்ணி உப்பு உப்பு எண்டு துப்பினவரு." பிறகு எழும்பி, கதிரையைத் தானே தூக்கிச் சுவரோரம் வைத்தார். "சரி. என்ட ரெண்டு போட்டையும் அங்கால இழுக்கிறன். பௌசியா அந்த எடத்துல காயப்போடட்டும். டேய், வாங்கடா."

அன்றைக்குத்தான் அவர் வாயில் அந்தப் பெயர் வந்ததை நான் கேட்டேன். படகு இழுக்கும்போது மட்டும் வழிநெடுக என்னைத் திட்டிக்கொண்டு வந்தார். "இந்தக் குருவிக்காக என்ட இடுப்ப ஒடிக்கிறீங்களே மிஸ்! ஒங்கட கொழும்புக்காரர் ஒராள வந்து ஒரு கை புடிக்கச் சொல்லுங்களன்!" நானும் சாரித் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு கை பிடித்தேன். ஒன்றும் நகரவில்லை, ஆனால் எல்லாரும் சிரித்தார்கள்.

பலகையை என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சியது. ராத்தா மீனை எடுத்துவிட்டுக் கழுவித் தந்தார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். எழுத்தை மாற்றவேண்டும். நானே வர்ணம் வாங்கிவந்து பழையதை அழித்துவிட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'ஆலாக்கள் வாடிக்கு வந்திருக்கின்றன. கச்சான் முடியப் போய்விடும். அதுவரை ஒதுங்கிப் போங்கள்.' சிங்களத்திலும் வாடிக்கு அதே சொல்தான் என்பதால், சிலாபத்துப் பக்கத்திலிருந்து வரும் சிங்கள மீனவர்களுக்கும் கீழே எழுதியது உடனே விளங்கியது. பிறகு ஒருமுறை இணைப்பாளர் வந்து பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றார். வாசகம் சட்டப்படி சரியா என்று கேட்கப்போகிறார் என்று பயந்தேன். "நங்கி, இதில கருவாட்டு மணம் வருது," என்றார். பிறகு பௌசியா ராத்தா வீட்டில் இரண்டு ப்ளேன்டீ குடித்துவிட்டுப் போனார்.

அந்தப் பருவத்தில் எல்லா முட்டையும் பொரித்தது என்று சொல்லமாட்டேன். சிலது வெந்துதான் போனது, சிலதை நாய் தின்றது. ஆனால் மணலில் குஞ்சு ஓடியது. அதற்குப் பிறகு அந்தத் திட்டுக்கு நாங்கள் காவலுக்கு ஆள் போடவேண்டிய தேவை வரவில்லை. ராத்தா கருவாடு புரட்டும் இடத்திலிருந்தே நாய்க்குக் கல் எறிவார். காற்றுப் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் சறுக்கும் லொட்ஜ் வெள்ளைக்காரர்கள் திட்டுக்குக் கிட்டே வந்தால், அவர்களுக்கு விளங்காத தமிழில் அவர் வைவதும், அது விளங்கினதுபோல அவர்கள் ஓடுவதும் பார்க்கவேண்டிய கூத்து. ஆலாக்களுக்கு மட்டும் நன்றி கிடையாது. எங்களுக்குச் செய்வதுபோலவே அவருடைய முக்காட்டிலும் குறி தவறாமல் எச்சமிடும். "அதப் பாருங்க, வாடகயக் கட்டுதுகள்," என்பார்.

தம்பி, தங்கச்சி, சமூகம் சமூகம் என்று நாம் சொல்கிறோமே, அது ஒரு ஆள் இல்லை. ஒரு ஊர் முழுக்க ஒரே குரலில் ஓம் சொன்னால், அந்த ஓம் யாரைத் தள்ளிவிட்டு வருகிறது என்று பாருங்கள். மூலையில் ஒருத்தி உப்புக் கையோடு நிற்பாள். அன்றைக்குத் தலைவர் தந்த ஒத்துழைப்பை நான் வாங்கியிருந்தால் பலகை திரும்ப நின்றிருக்கும், போட்டோ வந்திருக்கும், எனக்கும் நல்ல பெயர் கிடைத்திருக்கும். அந்தக் குமர்ப் பிள்ளைகள் இரண்டு பேரும் காலம் முழுக்க வெள்ளைச் சிறகைக் கண்ட இடத்தில் காறித் துப்பியிருப்பார்கள். அதுவும் பறவைக் கல்விதான்.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

சில வருடம் கழித்துப் பௌசியா ராத்தா சிலாவத்துறைக்குப் போனார். மீள்குடியேற்றத்துக்குப் பதிந்து, காடு வளர்ந்து கிடந்த காணியைத் துப்புரவாக்கி, அரைச்சுவர் வீடு ஒன்றும் கட்டினார். மூத்தவளை அங்கேயே கட்டிக்கொடுத்தார். போகும்போது கண்டக்குழியில் கருவாட்டுப் பந்தலின் ஓலையை மட்டும் கழற்றிக்கொண்டு போனார். எனக்கு அது பிடிபடவில்லை. வயதான மனுஷி கம்பைப் பிடுங்கக் கஷ்டப்பட்டு விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

நான் ஓய்வு பெறும் வருடம், கச்சான் எழும்பிய நேரம், ஆலா வந்துவிட்டதா என்று பார்க்கக் கடைசியாக ஒருமுறை கண்டக்குழிக்குப் போனேன். திட்டில் வெள்ளை வெள்ளையாக இறங்கியிருந்தன. இந்தப் பக்கம் ராத்தாவின் இடத்தில் நாலு கம்பும் அப்படியே நின்றன. அதற்கு நடுவில் ஒரு லொட்ஜ்காரர் வெளியூர் ஆட்களை வைத்துப் புதுப் படகொன்றை இறக்கிக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ ஜவ்பர் நானா ஓடிவந்தார். வயது போய்விட்டது, பொல்லும் கையுமாக, அந்த ஓட்டத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"எடுங்க! எடுங்க! கண் தெரியல்லியா, கம்பு நிக்கிது! அது எங்கட பௌசியாட எடம். அவ வாடிக்கிப் போயிரிக்கா!"

படகை எடுத்துக்கொண்டு போனார்கள். அவருக்கு மூச்சு வாங்கியது. கிட்டப் போய், "நானா, அவ தன்ட சொந்த ஊருக்கல்லோ போயிரிக்கிறா," என்றேன்.

"எங்க போனா என்ன மிஸ்?" என்றார். "கம்பு நிக்கிதுதானே. வருவா."

பஸ் தரிப்பிடத்தில் நின்று சிலாவத்துறைக்குப் போன் எடுத்து, நடந்ததை அப்படியே ராத்தாவிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மிஸ்," என்றார். "அந்தக் கரையில கால் வெச்ச நாள்ல இரிந்து என்ன 'வந்தவ' எண்டுதான் கூப்புட்டவங்க. இண்டைக்கித்தான் 'வாடிக்கிப் போயிரிக்கா' எண்டு சொல்லியிரிக்காங்க."